அழகமுத்து இறுக்கிய வில்

பிரக்கிராசி தியாகராஜா ஒரு கொடுமைக்காரராக இருந்திருந்தால் அழகமுத்து எப்போதோ தப்பிப் போயிருப்பான். அவர் நல்லவர். அந்த நல்லதனத்தில் ஒரு இடுக்குக்கூட அவனுக்கு அகப்படவில்லை.

அழகமுத்துவின் தம்பி கறுப்பையா பஸ் ஒன்றில் டிக்கட் கொடுக்கிறவனாக இருந்தான். அந்நாளில் கண்டியில் பஸ்காரர்கள் பயணிகளைக் கையைப் பிடித்து இழுத்து ஏற்றுவார்கள், தினமும் அடிதடி. அப்படி ஒரு சண்டையில் ஒருவனுக்குக் கத்திக்குத்து விழ, பொலிசார் கறுப்பையாவையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போனார்கள். அவனுக்காகக் கோட்டில் ஏறி நின்று வழக்காடி, குற்றமில்லாதவன் என்று நிரூபித்து வெளியே கொண்டுவந்தவர் தியாகராஜாதான். கூலி பற்றி அழகமுத்து வாயெடுத்தபோது, "சும்மா இரு. உன்னை ஆர் கேட்டது?" என்று அதட்டிவிட்டு, "கார் வேலை தெரியுமெண்டனி. பின்னாலை அறை கிடக்கு. வந்து இரு" என்றார்.

வாவிக்கு மேலே மேட்டில் அவர் வீடு. பின்புறத்துக் கார்க் கொட்டிலை ஒட்டினாற்போல் ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் அந்த அறை. சோற்றில் பெற்றோல் மணத்தது. அவன் மனைவி பாலம்மாவை அந்த வீட்டில் யாரும் வேலைக்கு வைக்கவில்லை. ஆனால் சமையல் நடக்கும் குசினியிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் அவள் இருந்தாள், கூப்பிட்டார்கள். மஹய்யாவவில் இருக்கும் அம்மாவைப் பார்த்துவிட்டு வரக்கூட உத்தரவு கேட்கவேண்டியிருந்தது. உத்தரவு கேட்டால், "இதென்ன கேள்வி பிள்ளை, போட்டு வா" என்பார்கள். அதற்கு மேல் எப்படிக் கோபிப்பது?

பிலிமத்தலாவையில் பஸ் முதலாளி மஹ்மூத், தன் பட்டறையை ஏற்று நடத்த அழகமுத்துவைக் கேட்டிருந்தார். பட்டறைக்குப் பக்கத்திலேயே வீடு. தனி அடுப்பு, தனிக் கிணறு.

"பெரஹரா ஊர்வலம் தொடங்க முந்தி வந்திரு தம்பி. அந்த நேரம் பஸ் ஒண்டு நிண்டாலும் எனக்குத் தாங்க ஏலாது. வர ஏலாட்டி செல்லு, நான் வேற ஆள் பாக்குறேன்."

"வந்துருவேங்க நானா" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லியிருந்தான் அழகமுத்து.

ஒவ்வொரு காலையும் அழகமுத்து, போகிறேன் என்ற சொல்லை வாயில் வைத்துக்கொண்டே கார்க் கதவைத் திறந்துபிடிப்பான். தியாகராஜா ஏறும்போது, "உன்ர தம்பி எப்பிடி? ஒழுங்காய் இருக்கிறானோ?" என்பார். சொல் வந்த வழியே உள்ளே போய்விடும்.

அவனுக்கு அங்கே வேலை கொடுத்துக்கொண்டிருந்தது ஒரு பழைய கார். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன பச்சை நிற இரட்டை இருக்கைப் பந்தயக் கார். நீண்ட மூக்கு, திறந்த தலை, பின்னால் மூடியைத் தூக்கினால் இன்னொருவர் குந்தத்தக்க ஒரு குழி. ஓட்டம் நல்ல ஓட்டம். வளைவுகளில் மட்டும் கள்ளுக் குடித்தவன்போல் ஒரு பக்கம் சாயும். பிரக்கிராசியார் மனைவி இராஜகுமாரி அம்மாள் அதில் ஏறும்போதெல்லாம் குமட்டலுக்கு முகர, கையில் ஒரு தேசிக்காயோடுதான் ஏறுவாள்.

"வயித்தைப் பிரட்டுது. இந்தச் சனியனை வித்துப்போட்டு நாலு கதவுக் காரொண்டு வாங்குங்கோ. அதுக்கு ஒரு றைவர் போதும். இது மாதிரி ஆளை வைச்சு நெடுகப் பழுது பாக்கத் தேவையில்லை."

கொட்டிலுக்குள் இருந்த அழகமுத்துவுக்கு அது கேட்டது. கார் போனால் மெக்கானிக்கும் வேண்டாம். ஐயாவே கைகுலுக்கி அனுப்பிவைப்பார். நன்றிகெட்டவன் என்ற பேரும் வராது. அவன் காதுக்கு அம்மாளின் குரல் அன்று கோயில் மணிபோல் இருந்தது.

ஆனால் தியாகராஜாவின் எண்ணம் வேறு.

"அழகமுத்து, அடுத்த வரியம் நுவரெலியாவிலை மலை ஏத்திற போட்டிக்கு இவளைக் கொண்டுபோறன். வளைவிலை சரியக்கூடாது. காரைத் தாங்கிற வில்லுகளை இறுக்கிப் பலமாக்கு. ஏலுமோ?"

"செய்யலாங்க" என்றான். சொல்லும்போதே அவனுக்குள் ஒரு யோசனை குதித்தது. பலமாக்கத்தானே சொல்கிறார், அளவுக்கு மேல் பலமாக்கினால்? பலகைமேல் குந்தி மலையிறங்குவதுபோல் கார் குதிக்கும். அம்மாளுக்கு எலும்பெல்லாம் நொந்து, பிரட்டலும் கூடிப்போகும். அதோடு அவள் இந்தக் காரை வீட்டில் வைக்கவிடமாட்டாள்.

மஹ்மூத்தின் பட்டறையில் கழித்துப்போட்ட பஸ் வில் ஒன்றிலிருந்து தகடுகளை அவன் தேர்ந்தெடுத்தபோது முதலாளி வாயைப் பிளந்தார்.

"பஸ்ஸுக்குப் போடுற தகட்ட அந்தக் குருவிக் காருக்கா போடப் போற? உள்ளுக்கு இரிக்கிறவங்கட பல்லு ஆடிப்போகும்."

"ஆடட்டும் நானா. ஆடுனாத்தான் நான் இங்க வரலாம்."

மஹ்மூத்துக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார்.

தகடுகளை வெட்டி, உலையில் பழுக்கவைத்து, வளைவைக் குறைத்துத் தட்டி, எண்ணெயில் தோய்த்து எடுத்தான். நான்கு சில்லுப் பக்கமும் பழைய அடுக்கோடு ஒவ்வொரு தகடு கூட்டினான். குதிப்பை அடக்கும் மரவட்டுகளின் நட்டுகளை, சாவி அதற்குமேல் திரும்பாது என்கிறவரை முறுக்கினான். காரின் மூலையில் கையை வைத்து அமுக்கிப் பார்த்தான். முன்பெல்லாம் அது மூச்சுவிடுவதுபோல் இறங்கி எழும். இப்போது பாறை.

தியாகராஜாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. காரில் கை வைத்தவன், வேலை முடிந்த முதல் ஓட்டத்தில் காரிலேயே இருக்கவேண்டும். தன் வேலையைத் தன் முதுகால் அறியவேண்டும் என்பார். ஞாயிற்றுக்கிழமை காலை கடுகண்ணாவைக்குப் புறப்பட்டார்கள். தேசிக்காயோடு அம்மாள் முன்னால், அழகமுத்து பின்குழியில்.

பேராதனை தாண்டும்வரை எல்லாம் அவன் நினைத்தபடியே நடந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் கார் எகிறியது.

"ஐயோ, என்ர நாரியெலும்பு! என்னப்பா இது, உரலுக்குள்ளை போட்டு இடிச்ச மாதிரி!"

பின்னால் அவன் முதுகுத்தண்டும் நொறுங்கியது. நொறுங்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான். பிலிமத்தலாவையில் மஹ்மூத்தின் பட்டறை கடந்து போயிற்று. பக்கத்து வீட்டின் கதவு பூட்டியிருந்தது. அதற்குள் பாலம்மா அடுப்பு மூட்டுவதை அவன் ஒரு கணம் கண்டான்.

கடுகண்ணாவையில் சரிவு தொடங்கியது. கார் முதல் வளைவில் இறங்கியது, சாயவில்லை. இரண்டாவது வளைவில் தியாகராஜா வேகத்தைக் கூட்டினார். தண்டவாளத்தில் போவதுபோல் கார் தரையைக் கவ்விக்கொண்டு திரும்பியது. அடிவாரம் வரை போய்த் திரும்பி அதே வளைவுகளில் ஏறினார்கள். வழக்கமாக அம்மாள் வண்டியை நிறுத்தச் சொல்லி ஓரத்தில் குனிந்து வாந்தியெடுக்கிற இடம் வந்தது. போயும் விட்டது.

"இஞ்சேருங்கோ" என்றாள் அவள், நம்பமுடியாத குரலில். "எனக்குச் சத்தி வரேல்லை!"

அழகமுத்துவுக்கு அப்போதுதான் புரிந்தது. பஸ்ஸில் குலுக்கத்தில் வாந்தி எடுக்கிறவர்களைப் பார்த்தே பழகியவன் அவன். அம்மாளையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டான். அவளைப் படுத்தியது குலுக்கம் அல்ல, சாய்வு. இவ்வளவு காலம் அவளை வதைத்ததைத் தன் கையாலேயே எடுத்துவிட்டிருந்தான்.

"நாரி நோகுதுதான். பரவாயில்லை, தலகணி ஒண்டு வைச்சால் போச்சு." அவள் திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தாள். தேசிக்காயைப் பள்ளத்தில் எறிந்தாள்.

திரும்பும் வழியில் தியாகராஜா மஹ்மூத்தின் பட்டறைக்கு முன்னாலேயே காரை நிறுத்தினார், ரேடியேற்றருக்குத் தண்ணீர் ஊற்ற. ஊற்றி முடியுமுன் காரின் புகழ் பாடத் தொடங்கினார்.

"முதலாளி, இவனைப்போலை ஒருத்தன் இலங்கையிலை இல்லை. இதைப் பாத்தால் என்ர சிநேகிதர் இரண்டு பேர் தங்கட காரையும் தருவினம். பின்வளவிலை பெரிய கொட்டில் ஒண்டு போட்டுக் குடுக்கப்போறன்."

மஹ்மூத் அழகமுத்துவின் முகத்தைப் பார்த்தார். பிறகு விளையாட்டுப்போல் கேட்டார்: "ஐயா, இவர எங்களுக்குத் தர ஏலுமா?"

"நான் ஆர் தாறதுக்கு? அவன் என்ன மாடோ? அவனையே கேளும்." தியாகராஜா அவன் பக்கம் திரும்பினார். முகத்தில் துளியும் சந்தேகம் இல்லை. "என்ன அழகமுத்து, போறியோ? போறதெண்டால் போ. நான் மறிக்கமாட்டன்."

இத்தனை காலம் வாயில் வைத்திருந்த சொல். கேட்கவேண்டியவரே கேட்டுவிட்டார். அம்மாள் சிரித்த முகத்தோடு காத்திருந்தாள். ரேடியேற்றரிலிருந்து ஆவி எழுந்தது.

"இல்லீங்கய்யா" என்றான் அழகமுத்து. "நான் எங்க போகப்போறேன்."

"பாத்தீரோ!" என்றார் தியாகராஜா.

"சரி தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு மஹ்மூத் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வீடு வந்ததும் பாலம்மா கேட்டாள்: "சொல்லிட்டீங்களா?"

"ஐயாவே கேட்டாருடி. போறியான்னு."

அவள் முகம் மலர்ந்தது. "நெசமாவா? நீங்க என்ன சொன்னீங்க?"

அவன் குனிந்து சப்பாத்தைக் கழற்றினான். முடிச்சு இறுகியிருந்தது, நெடுநேரம் அதனோடேயே இருந்தான். அவள் இரண்டாம் தரம் கேட்கவில்லை. குசினியிலிருந்து, "பிள்ளை, பாலம்மா!" என்று இராஜகுமாரி அம்மாளின் குரல் மிகவும் சந்தோஷமாக வந்தது.

"இந்தா வாறேங்கம்மா" என்று அவள் எழுந்து போனாள்.