வோல்டேஜ் குறையாத நட்சத்திரம்

எங்கள் தெருவில் எது கெட்டுப்போனாலும் சுயம்புலிங்கம் அண்ணாச்சிக்கு ஒரே காரணம்தான், வோல்டேஜ். மிக்ஸி புகைந்தால் வோல்டேஜ். டிவியில் படம் நடுங்கினால் வோல்டேஜ். ஒருமுறை என் தலைவலிக்கும் அதையே சொன்னார். மங்கலான டியூப் லைட்டுக்கு அடியில் நாளெல்லாம் உட்கார்ந்தால் வேறென்ன வரும் என்று கேட்டார். எரிந்துபோன விசைத்தறி மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுவது அவர் தொழில். சங்கரன்கோவிலில் தறிச்சத்தம் கேட்காத தெருக்கள் குறைவு, வோல்டேஜ் விழாத நாட்களும் குறைவு. ஆகவே பத்தில் எட்டுத் தடவை அவர் சொல்வது சரியாகவே இருக்கும். மீதி இரண்டு தடவை தப்பாகிப்போனாலும் மனுஷன் ஒத்துக்கொள்ள மாட்டார். கேட்டால் கம்பி கம்பெனியைத் திட்டுவார். எனக்கு எரிச்சலாக வரும்.

நான் பெனிட்டா. அவர் பட்டறைக்கு அடுத்த ஜெராக்ஸ் கடை என்னுடையது. ஆன்லைனில் விண்ணப்பம் போட வேண்டும், இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றால் தெருவே என்னிடம்தான் வரும். அண்ணாச்சி நட்சத்திரம் பார்க்கிற கதையில் நான் மாட்டிக்கொண்டதும் அப்படித்தான்.

ஊரடங்கில் தறிகள் நின்றபோது, பொழுது போகாமல் மொபைலை நோண்டியவர் ஒரு வானியல் இணையதளத்தில் போய் விழுந்தார். விண்ணில் சுற்றும் தொலைநோக்கி ஒன்று ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களின் வெளிச்சத்தை அளந்து கோடு கோடாக அனுப்புகிறது. ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் அதன் கிரகம் குறுக்கே போனால் வெளிச்சம் கொஞ்சம் குறையும், கோடு பள்ளமாக இறங்கும். அந்தப் பள்ளத்தைத் தேடிக் குறித்துக்கொடுக்க யார் வேண்டுமானாலும் சேரலாம். லைட் மங்குவதைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதானே, இது நம்ம தொழில்லா என்று அண்ணாச்சி சேர்ந்துவிட்டார். ஊரடங்கு போயும் அந்தப் பழக்கம் போகவில்லை. மதியம் கரண்ட் போகும் நேரமெல்லாம் கட்டாத மோட்டார்களுக்கு நடுவில் உட்கார்ந்து நட்சத்திரம் பார்ப்பார்.

போன ஆண்டு அவர் கண்ணில் ஒன்று பட்டது. நானூறு ஒளியாண்டுக்கு அப்பால், நம் சூரியனில் பாதி அகலம்கூட இல்லாத சிவப்புக் குள்ள நட்சத்திரம். பெயர் கிடையாது, நீளமான எண் மட்டும்தான். மூன்றரை நாளுக்கு ஒருமுறை அதன் வெளிச்சம் சட்டென்று இறங்கி ஏறியது. சாதாரணமாக நூலளவு இறங்கும் கோடு இங்கே கிணறு மாதிரி இறங்கியிருந்தது. அவ்வளவு வெளிச்சத்தை மறைக்க வியாழன் அளவுக்குக் கிரகம் வேண்டும். இத்தனூண்டு நட்சத்திரத்துக்கு அவ்வளவு பெரிய கிரகம் வாய்ப்பது அபூர்வம் என்று அந்தத் தளத்திலேயே போட்டிருக்கிறது.

அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. என் கடைக்கு வந்து, தொலைநோக்கிக் கேமராவுக்குக் கரண்ட் சப்ளை குறைந்திருக்கிறது, அதனால்தான் மூன்றரை நாளுக்கு ஒருமுறை மங்குகிறது, இதைக் கிரகம் என்று நம்ப வேண்டாம் என்று அந்தத் தளத்தில் இங்கிலீஷில் எழுதச் சொன்னார். இருபத்தைந்து வருடமாக மோட்டார் கட்டுகிற அனுபவம் என்றும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். அந்த அனுபவத்துக்கு மரியாதை கொடுத்து தளத்தில் நாற்பது பேர் ஆமாம் போட்டார்கள். நட்சத்திரம் கருவிக்கோளாறு பட்டியலுக்குப் போனது. ஒரு வாரத்தில் யாரும் மறுப்புச் சொல்லாவிட்டால் அதை மூடிவிடுவார்கள், பிறகு ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஐந்தாம் நாள் மாவு மில் தாஹா பட்டறைக்கு வந்தார். சாயங்காலம் ஆனால் வீட்டில் லைட்டெல்லாம் மங்குகிறது, மின்வாரியம் சரியாக வோல்டேஜ் கொடுப்பதில்லை என்று கத்தினார். பக்கத்து வீட்டில் மங்கியதா என்று அண்ணாச்சி கேட்டார். பார்க்கவில்லை என்றார் தாஹா. அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது.

"பக்கத்து வீட்டப் பாக்காம எப்படி வே வோல்டேஜ்னு சொல்லுதீரு? தெருவே மங்குனா வோல்டேஜ். உம்ம வீடு மட்டும் மங்குனா..."

வாக்கியத்தை முடிக்காமல் தாஹாவை அங்கேயே விட்டுவிட்டு என் கடைக்கு வந்து, அந்த நட்சத்திரத்தின் பக்கத்து நட்சத்திரங்களைக் காட்டச் சொன்னார். அதே கேமரா, அதே நாள், அதே நேரம். ஒன்று, இரண்டு என்று பதினொன்று பார்த்தோம். ஒன்றுகூட மங்கவில்லை. சப்ளை குறைந்திருந்தால் பதினொன்றும் சேர்ந்தல்லவா மங்கியிருக்கும்?

மறுப்பு எழுதலாமா என்று கேட்டேன். அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். அன்றைக்குக் கோடு தெளிவாக இல்லை என்று போடு என்றார். தெளிவாகத்தான் இருந்தது என்றேன். நெட் ஸ்லோவாக இருந்தது என்று போடலாமா என்றார். போட மாட்டேன் என்றேன். மறுபரிசீலனை தேவை என்று பட்டும்படாமல் முடிக்கப் பார்த்தார். அப்படி எழுதினால் உங்கள் பழைய பேச்சைத்தான் நம்புவார்கள், ஆமாம் போட்ட நாற்பது பேரும் அசைய மாட்டார்கள் என்றேன். வெளியே தாஹா கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்தார். இரண்டு முறை எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கடைசியில் திரையைப் பார்க்காமல் சொன்னார். "எழுதும்மா. நான் பக்கத்துல பாக்காம சொல்லிட்டேன். நான் சொன்னது தப்பு."

எழுதினேன். பதினொரு நட்சத்திரங்களின் எண்களையும் கீழே வரிசையாகப் போட்டேன். அன்று மாலைக்குள் நட்சத்திரம் கோளாறுப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது.

எட்டு மாதம் கழித்து அவருக்கு மின்னஞ்சல் வந்தது. பெரிய தொலைநோக்கிகளால் பார்த்து உறுதி செய்துவிட்டார்களாம். ஏறக்குறைய வியாழன் அளவுள்ள கிரகம், அந்தக் குள்ள நட்சத்திரத்தை மூன்றரை நாளில் சுற்றி வருகிறது. ஆய்வுக் கட்டுரையின் நன்றிப் பட்டியலில் சுயம்புலிங்கம், சங்கரன்கோவில் என்று இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணாச்சி அந்தப் பக்கத்தை லேமினேஷன் போட வந்தார், கூடவே அவர் மனைவி ராஜேஸ்வரி மதினியும். நடந்ததை முழுக்க அவளிடம் நான்தான் சொன்னேன். அண்ணாச்சி வீட்டில் மறுப்பை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லியிருந்தார்.

மதினி அந்த மறுப்பைத் திரையில் எடுக்கச் சொன்னாள். நான் சொன்னது தப்பு என்பது வரை தமிழில் வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

"ஏட்டி பெனிட்டா, அந்தப் பேரு கெடக்கட்டும். இதுக்கு லேமினேஷன் போடு. கல்யாணம் ஆகி இருவத்திரெண்டு வருசத்துல இவுக வாயில இந்த வார்த்தைய இப்பதான் கேக்கேன்."

அண்ணாச்சி முகம் சிவந்தார், பிறகு அவரும் சேர்ந்து சிரித்தார். இரண்டையும் போடச் சொன்னார். பெயர் இருப்பது வீட்டுக்குப் போனது. மறுப்பைப் பட்டறையில் அவரே ஆணி அடித்து மாட்டினார். இங்கிலீஷில் இருப்பதால் யாருக்கும் புரியாது என்ற தைரியம் போலிருக்கிறது. அது என்ன என்று வருகிறவர்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். ஒருத்தர் விடாமல் எல்லோருக்கும் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.