ஏழு அலசல்

காலை ஏழரை மணிக்கு ஆய்வுக்கூடத்துத் தொட்டியின் முன்னால் நின்று டாக்டரம்மா குடுவை அலசிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் ஏழு முறை. அப்புறம் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். அது கழுவுகிற அக்காவின் வேலை. அக்கா பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"நீங்க எதுக்கும்மா இதெல்லாம்?"

"தூக்கம் வரலக்கா. கை சும்மா இருக்க மாட்டேங்குது."

அது பொய். மூன்று வாரமாக வளர்த்த செல்கள் முந்தின நாள்தான் கூண்டோடு செத்துப்போயிருந்தன. சோதனைக்காகக் கிருமியின் விஷம் விட்ட தட்டில் செத்தால் சரி. விஷமே விடாத தட்டிலும் செத்துக் கிடந்தன. குடுவையில் சோப்பு ஒட்டியிருக்கிறது என்று கண்டுபிடித்த இயக்குநர், "யார் அலசினது? இன்னைக்கே சீட்டைக் கிழிக்கிறேன்!" என்று குதித்தார். டாக்டரம்மா தலை நிமிராமல், "நான்தான் சார், அவசரத்துல" என்றார். கதவோரம் நின்ற அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். அலசியது அவள்தான். வீட்டுப் பாத்திரம்போல நினைத்து, நுரை அடங்கியதும் மூன்றாவது அலசலோடு நிறுத்திவிட்டாள்.

டாக்டரம்மாவின் காதில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். அதைத் தேடி மேசையையே தலைகீழாக்குவார். செல்களுக்கு அவர் வைத்த பெயர் 'பசங்க'. பசங்க பசியோடு இருப்பார்கள் என்று ஞாயிற்றுக்கிழமையும் வந்து இரை மாற்றிவிட்டுப் போவார். "எங்க மாமியாருக்கு இந்தக் கவனிப்பு கெடைச்சதே இல்லையாம். வீட்டுக்காரர் பொருமறாரு" என்று சிரிப்பார்.

தொண்டை அடைப்பான் என்கிற டிப்தீரியா நோயின் கிருமி கக்கும் விஷத்தோடுதான் அவருக்கு மல்லுக்கட்டு. அத்தனூண்டு விஷம் செல்லுக்குள் எப்படி நுழைகிறது என்று அக்கா ஒருநாள் கேட்டாள். அவர் விரலைக் கொக்கிபோல் வளைத்து அக்காவின் விரலில் மாட்டினார்.

"செல்லோட தோல் மேல இப்படி ஒரு கொக்கி நீட்டிட்டு இருக்கும். இவன் அதுல தொத்திக்குவான். செல்லு ஏமாந்து உள்ள இழுத்துக்கும். எலிக்குக் கொக்கி கொஞ்சம் வேற மாதிரி, இவனால தொத்த முடியாது. அது பாட்டுக்கு ஜம்முனு திரியும்."

"எலிக்கு இரக்கம் காட்டின கடவுள் நமக்கு ஏம்மா இந்தப் பாழாப்போன கொக்கிய வெச்சாரு?"

"விஷத்துக்காக வெச்சது இல்லக்கா. காயம் ஆறுறதுக்கு உதவுற கொக்கி அது. இவன் திருட்டுத்தனமா வந்து தொங்கறான்."

அக்கா மனசுக்குள் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

கொக்கியை மட்டும் தனியாகச் செய்து பசங்க இருக்கிற தண்ணீரில் மிதக்கவிட்டால், விஷம் அதில் மாட்டிக்கொள்ளும், பசங்க பிழைப்பார்கள். இதுதான் டாக்டரம்மாவின் யோசனை. மறுபடியும் மூன்று வாரம் ஓடியது. அலசலுக்கு ஒன்றாக ஏழு முறை கடவுள் பேரைச் சொல்லாமல் அக்கா ஒரு குடுவையையும் கீழே வைக்கவில்லை. இந்த முறை விஷம் விட்ட தட்டிலும் பசங்க பிழைத்தார்கள். நுண்ணோக்கியில் அக்காவும் பார்த்தாள்: கூழாங்கல் பரப்பியதுபோல், நெருக்கியடித்துக்கொண்டு, உயிரோடு.

அந்த வேலை முடிந்து டாக்டரம்மா வேறு ஊருக்குக் கிளம்பினார். வாசல்வரை பெட்டியைத் தூக்கி வந்த அக்காவுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"அம்மா, அன்னைக்கு மூணு அலசலோட விட்டது நான்தான்."

பேனாவைக் காதில் வைத்துக்கொண்டே பைக்குள் தேடிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். விரலை வளைத்து அக்காவின் ஈர விரலில் மாட்டி, மெல்ல ஓர் இழுப்பு இழுத்தார்.

"தெரியும்க்கா. நீங்க சாமி பேரைச் சொல்லி அலசறதும் தெரியும். நான் போற எடத்துப் பசங்களுக்காக எட்டாவதா ஒண்ணு அலசிடுங்க."