துணியைத் தின்ற மண்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் யாராவது 'சுத்தம்' என்று சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ராஜகீழ்ப்பாக்கத்தில் நாங்கள் இந்த வீட்டை வாங்கியபோது வளாகத்தில் சிமென்ட் பூசாத மண் இரண்டே இடத்தில் மிச்சமிருந்தது. முன்பக்கம் பில்டர் கட்டட இடிபாட்டைக் கொட்டி, மேலே செம்மண் பரப்பி, புல் பதித்துக் கொடுத்த இடம். அதில் ஓர் எறும்பு தலைகாட்டினாலும் மருந்து அடித்துவிடுவார்கள். பின்பக்கம் புங்கமரத்தடியில் சருகு மூடிக் கிடந்த ஒரு மூலை. அங்கே யாரும் எதுவும் செய்யாததாலேயே அது நன்றாக இருந்தது. சமையலறைத் தோல்களை நான் அங்கேதான் புதைப்பேன். மறுபடி தோண்டும்போது அவை இருந்த தடமே இருக்காது.

ஒரு நாள் அசோசியேஷன் செக்ரட்டரி வீட்டுக் குளியலறைக்குள் பூரான் வந்துவிட்டது. அது அந்த மூலையிலிருந்துதான் வந்தது என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். மூலையை வெட்டி அள்ளிவிட்டு, புதுச் செம்மண் இறக்கி, முன்பக்கம் மாதிரியே ஆக்கப்போவதாக வாட்ஸப் குழுவில் செய்தி போட்டார். கீழே வரிசையாகக் கட்டைவிரல் படங்கள்.

நான் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுப்பவள். உயிருள்ள மண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் செத்த மண்ணைக் கொண்டுவந்து கொட்டுவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? "மீட்டிங் வரைக்கும் வெய்ட் பண்ணுங்க சார், நான் ப்ரூஃப் காட்டறேன்" என்றேன்.

என் கணவரின் வெள்ளைப் பருத்தி பனியனை இரண்டாக வெட்டினேன். புதுசு வேறு, அவர் முறைத்த முறைப்பு எனக்குத்தான் தெரியும். ஒரு பாதியை முன்பக்கப் புல்லுக்கடியிலும் மறுபாதியைப் புங்கமரத்தடியிலும் ஒரே ஆழத்தில் புதைத்து, இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர் விட்டுவந்தேன். மண்ணிலிருக்கும் பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் பருத்தி நல்ல சாப்பாடு. அவை பெருகிக் கிடக்கிற மண்ணில் துணி காணாமல் போகும். அவை செத்துப்போன மண்ணில் துணி அப்படியே கிடக்கும். இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம், கண் இருந்தால் போதும் என்று நம்பினேன். நான் குழி தோண்டுவதைப் பார்த்த மூன்றாவது மாடி அக்கா மட்டும், "செய்வினை ஏதாச்சும் வைக்கறீங்களா மேடம்?" என்று பாதி விளையாட்டாகக் கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து மொட்டைமாடியில் கூட்டம். அன்று காலை தோண்டியெடுத்த இரண்டையும் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். முன்பக்கத்துப் பாதி முழுசாக இருந்தது. துவைத்தால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். புங்கமரத்தடிப் பாதியில் பாலியஸ்டர் தையல் நூலும் தொட்டால் உதிரும் நாலு இழையும்தான் மிச்சம். நான் வாயைத் திறப்பதற்குள் செக்ரட்டரி எழுந்துவிட்டார்.

"பாருங்க, ஃப்ரண்ட் சைடு மண்ணு எவ்ளோ க்ளீன்! துணிக்கு ஒண்ணுமே ஆகலை. பின்னாடி மண்ணு துணியையே தின்னுடுச்சு. அதுலயா நம்ம குழந்தைங்க விளையாடணும்? தேங்க்ஸ் மேடம், நீங்களே ப்ரூவ் பண்ணிட்டீங்க."

கைதட்டினார்கள். நிஜமாகவே கைதட்டினார்கள்.

"சார், தின்னாதான் சார் அது மண்ணு! அந்த மண்ணுக்குத்தான் உயிர் இருக்கு!" என்று கத்தினேன். "கால வெச்சா காலையும் தின்னுடுமா மேடம்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, சிரிப்பு. இவர்கள் வீட்டில் அரைத்து வைத்த இட்லி மாவு பொங்காவிட்டால் என்ன பாடு படுவார்கள்! பால் உறையாவிட்டால் எதிர்வீட்டில் உறைமோர் கேட்டு ஓடுவார்கள். கிண்ணத்துக்குள் இருந்தால் மட்டும் கிருமி நல்லது, காலடியில் இருந்தால் அழுக்கு. படித்தவர்கள் வேறு. கோபத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதையும் அவர்கள் தோற்றுப்போன அழுகை என்றே நினைத்திருப்பார்கள்.

அந்த வாரமே ஜேசிபி வந்தது. நான் பழைய பெயிண்ட் வாளி ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடி, முடிந்தமட்டும் அள்ளினேன். மண் பொலபொலவென்று, மழை பெய்த வாசனையோடு இருந்தது. "இதை எங்கண்ணா கொண்டுபோறீங்க?" என்று லாரிக்காரரைக் கேட்டேன்.

"கோவிலம்பாக்கத்துல ஒரு பள்ளம் கீதுக்கா, அத்த ரொப்பறதுக்கு. ஓரமா நில்லு, வண்டி ரிவர்ஸ் எடுத்துகினு கீது."

இப்போது அது யாருடைய வீட்டுக்கடியிலோ கிடக்கிறது. இங்கே புதுச் செம்மண்ணில் வைத்த செம்பருத்திகள் ஒன்றுவிடாமல் காய்ந்தன. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கிறது. என் பால்கனித் தொட்டிகளில் மட்டும் அந்த ஒரு வாளி மண் உயிரோடு இருக்கிறது. கறிவேப்பிலை பந்தலாக நிற்கிறது.

போன வாரம் செக்ரட்டரி கையில் பிளாஸ்டிக் கவரோடு கதவைத் தட்டினார்.

"மேடம், எங்க வீட்டுக் கறிவேப்பிலை வரவே மாட்டேங்குது. உங்க தொட்டி மண்ணு கொஞ்சம் கெடைக்குமா?"

"இது அதே மண்ணுதான் சார். பின்பக்கத்து மண்ணு."

"பரவால்ல மேடம்."

தொட்டியிலிருந்து இரண்டு கை அள்ளிக் கவரில் போட்டேன். அவர் அதை வாங்கி முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஏதோ நெளிந்திருக்க வேண்டும்.

"பூச்சி இருக்கும் போலிருக்கே. மருந்து அடிச்சிட்டு யூஸ் பண்ணவா மேடம்?"

நான் கையை நீட்டி அந்தக் கவரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.