கடலடியிலிருந்து வந்த கண்ணாடிக் கூடை

பகல் பதினொன்றரை மணிக்கு வாஞ்சூர் சோதனைச் சாவடியைத் தாண்டிக் காரைக்கால் எல்லைக்குள் நுழைந்தேன். நாகூரிலிருந்து பஸ் கட்டணம் எழுபது பைசா. தமிழ்நாட்டில் மதுவிலக்கு நடப்பிலிருந்து, புதுவையைச் சேர்ந்த காரைக்காலில் இல்லாதிருந்த எழுபதுகளின் கடைசி அது. உள்ளே போகிறவர்களை அங்கே யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. வெளியே வருகிறவர்களைத்தான் சோதிப்பார்கள். அதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஆனால் சரியாக அந்த நேரத்தில் பிராணிகளைக் கெடாமல் வைக்க நான் பையில் கொண்டுவந்த ஃபார்மலின் புட்டியின் தக்கை பிடுங்கிக்கொண்டது. கண்டக்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டே, "ஊருக்குள்ள இல்லாத சரக்கா சார் வெளியிலேருந்து கொண்டாறீங்க?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. இறங்கிப் பார்த்தபோது புட்டியில் ஒரு சொட்டு மிச்சமில்லை.

நான் கரூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவன். கடற்பஞ்சு என்பது செடி அல்ல, பிராணி. அதில் ஆழ்கடலில் மட்டும் வாழ்கிற சில இனங்கள் கண்ணாடியாலேயே தமக்கு எலும்புக்கூடு கட்டிக்கொள்கின்றன; அவற்றில் ஒன்று பின்னிய கூடையைப்போலவே இருக்கும். பதினோரு வருடமாக அவற்றைக் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்துவந்தேன். ஏட்டுச் சுரைக்காய்தான். போன வருடம் கடைசி பெஞ்சிலிருந்த மாணவி ஒருத்தி, "சார், நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். "பார்த்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. ஒன்றையாவது பார்த்து, கொண்டுவந்து, அந்த மேஜைமேல் வைக்க வேண்டும் என்றுதான் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்திருந்தேன்.

என்னுடன் வேலை பார்ப்பவரின் மாமா காரைக்காலில் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்; சிப்பாய்க்கான பிரெஞ்சுச் சொல்லால் ஊரில் 'சொல்தா' என்றுதான் அவரைக் கூப்பிடுகிறார்கள். மாலை நாலு மணிக்கு அவர் என்னைக் கோட்டுச்சேரிமேட்டுக்கு அழைத்துப்போனார். வரிச்சிக்குடிப் பக்கம் வயல்களில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. கதிர்க்கட்டுகளுக்காகப் பஸ் இரண்டு இடத்தில் நின்று நின்று போனது. கடற்கரையில் எங்களுக்காகக் காத்திருந்த படகுக்காரரைச் சிங்காரவேலு என்று வைத்துக்கொள்வோம். அவருடைய உண்மைப் பெயரை எழுதுவதாயில்லை.

"வந்து பாருங்க, வேணாங்கல," என்றார் அவர். "ஆனா அடியில வர்றது எதையும் கரைக்குக் கொண்டாறக் கூடாது. பஞ்சோ கல்லோ, அங்கேயே போட்டுடுவோம்."

"ஏன் அண்ணே?"

"அதப் பாத்தா நாம எந்த எடத்துல தூண்டில் போட்டோம்னு மத்தவன் கண்டுபுடிச்சுடுவான். எங்க மேட்டுல எல்லாரும் அப்பிடித்தான். கூடப்பொறந்தவனுக்கும் காட்ட மாட்டோம்."

எனக்குப் பகீரென்றது. ஆனாலும் பார்க்கவாவது கிடைக்கிறதே என்று தலையாட்டினேன்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு விசைப்படகு புறப்பட்டது. அவரும் மச்சான் வைத்தியும் நானும். எத்தனை மணி நேரம் ஓடினோம், எந்தத் திசையில், அங்கே ஆழம் எத்தனை பாகம் என்பதைச் சொல்லமாட்டேன். பஸ் கட்டணத்தைக்கூடப் பைசாவோடு எழுதுகிற நான் இதை மட்டும் விடுவதற்குக் காரணம் போகப் போகத் தெரியும். தண்ணீரின் நிறம் பச்சையிலிருந்து மசிநீலத்துக்கு மாறிய பிறகும் வெகுநேரம் போனோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நூற்றுக்கணக்கான தூண்டில்முட்கள் கட்டிய நீளக் கயிற்றைக் கல் கட்டி இறக்கினார்கள். இரண்டு கையையும் விரித்தால் வருகிற அளவு ஒரு பாகம். பாகம் பாகமாகக் கயிறு இறங்கிக்கொண்டேயிருந்தது. நான் படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடி எண்ணினேன். கரூர்க்காரனுக்கு அமராவதி ஆறே பெரிய தண்ணீர்.

ஒன்பதரை மணிக்கு இழுக்கத் தொடங்கினார்கள். கயிறு பாரில், அதாவது கடலடிப் பாறையில், மாட்டிக்கொண்டு வர மறுத்தது. இருவரும் காலை உதைத்து இழுத்தார்கள். முதலில் சிவந்த கலவா மீன் இரண்டு. அடுத்து பனைவிசிறி அகலத்தில் மஞ்சளாக ஒரு பஞ்சு. வைத்தி சாக்கை மடித்துப் பிடித்துத்தான் அதைத் தொட்டார். வெறுங்கையால் தொட்டால் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் ஏறி மூன்று நாள் அரிக்குமாம்.

"மஞ்ச வந்தா இன்னும் பார் மேலதான் கெடக்குன்னு அர்த்தம்," என்றார் சிங்காரவேலு.

பிறகு வரிசையாக வந்தன. கல்லைப்போலக் கெட்டியான ஓர் உருண்டை. குழாய் குழாயாகச் சேர்ந்து வளர்ந்த ஒரு காவிக் கொத்து. முகர்ந்தால் பச்சைப்பூண்டு வாடை அடிக்கிற கறுப்புக் குவியல். அகல்விளக்கு அளவில் ஒரு கிண்ணம். அதன் விளிம்பெல்லாம் மயிர்போன்ற கண்ணாடி. அடுத்து, முழங்கை நீளத்துக்கு முறுக்கிய கண்ணாடி இழைக்கற்றையின் நுனியில் வெள்ளைப் பந்தாக ஒன்று. அதைக் கண்டதும் சிங்காரவேலு, "பார் முடிஞ்சுது, சேறு வந்துட்டுது. வேகமா இழு மாப்ள," என்றார். கடலடியில் பாறை எங்கே முடிகிறது, சேறு எங்கே தொடங்குகிறது என்பதை அந்த மனிதர் பஞ்சுகளைப் பார்த்தே சொன்னார். எனக்கு அவற்றின் லத்தீன் பெயர்கள் தெரியும். அவருக்கு அவை குடியிருக்கும் தெரு தெரிந்திருந்தது.

கடைசி முள்ளில் வந்தது அது. பதினோரு வருடமாக நான் சாக்பீஸால் வரைந்த கூடை.

ஒரு சாண் உயரம். குறுக்கும் நெடுக்குமாகக் கண்ணாடி நூலில் பின்னிய கூடை; மேல்வாயில் வலைமூடி. சூரியனுக்கு எதிரே பிடித்தபோது உள்ளே இரண்டு இறால்கள் அசைந்தன. சின்னஞ்சிறு வயதில் ஜோடியாக உள்ளே நுழைந்து, வளர்ந்து, வெளியே வர முடியாமல் அங்கேயே குடித்தனம் நடத்துகிறவை. கூடையைக் கட்டிய பஞ்சுக்கோ வாயில்லை, கண்ணில்லை, மூளையில்லை. வெளிச்சமே எட்டாத இடத்தில், கடல்தண்ணீரை வடிகட்டித் தின்று, அந்தத் தண்ணீரிலிருந்தே கண்ணாடி எடுத்து ஒரு பிராணி இதைக் கட்டியிருக்கிறது. ஒரே கயிற்றில் ஏழு வகை. அப்படியானால் நாங்கள் மிதந்துகொண்டிருந்த இடத்துக்குக் கீழே எத்தனை நூறு இருக்கும்? வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

சிங்காரவேலு கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அந்த மாணவியிடம் சொன்ன பொய்யை அவரிடம் சொன்னேன்.

"சொன்ன பொய்ய நெசமாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?" என்று சிரித்தார். "சரி, ஒண்ணே ஒண்ணு எடுத்துக்குங்க. எடம், ஆழம் யாருகிட்டயும் சொல்லக் கூடாது. எழுதவும் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

செய்தேன். மற்ற ஆறையும் என் கையாலேயே கடலில் விட்டேன். முறுக்கிய இழையும் வெள்ளைப் பந்துமாக இருந்ததை விடும்போது மட்டும் விரல்கள் சுலபமாகத் திறக்கவில்லை.

கூடையைச் சாக்கில் மறைத்துக் கரைசேர்த்து, காரைக்கால் திரும்பும்போது பிற்பகல் மூன்று மணி. ஃபார்மலின் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, மருந்துக்கடைகள் மூடியிருந்தன. கடல்நீரில் வைத்தால் காலைக்குள் அழுகிவிடும். "சாராயம் இருக்கறச்சே மருந்து எதுக்கு தம்பி?" என்றார் சொல்தா. மூன்று ரூபாய்க்கு வாங்கி வரச்செய்து, மாதிரி போட நான் கொண்டுவந்திருந்த அகலவாய்ப் புட்டியில் ஊற்றி, கூடையை உள்ளே இறக்கினார். காரைக்காலில் இரண்டு நாள் இருந்தால் சாராயமும் ஒரு சாதாரணத் திரவமாகத் தோன்றிவிடுகிறது. நான் மறுக்கவில்லை.

திங்கள் காலை எட்டரை மணி பஸ். என் பக்கத்தில் மீன்கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து நாகூர்ச் சந்தைக்குப் போவதாகச் சொன்னார். வாஞ்சூரில் ஏட்டு ஏறி என் பையைத் திறந்து, மூடியைத் திருகி முகர்ந்தார். குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்ட கதையாகிவிட்டது.

"படிச்ச ஆளு மாதிரி இருக்கீங்க. இறங்குங்க."

சாராயத்தைச் சாலையோரம் கொட்டினார்கள். புட்டியின் அடியில் கூடை மட்டும் நின்றது. ஏட்டு அதை வெளியே எடுத்து வெயிலில் பிடித்தார். கோபம் போய் அவர் முகத்தில் வேறொன்று வந்தது.

"என்ன இது?"

"கடல்பிராணி. மாணவர்களுக்குக் காட்ட. கெடாமலிருக்கத்தான் சாராயம்."

"நானும் நாகூர்க்காரன்தான். இப்பிடி ஒண்ணப் பாத்ததில்ல. எந்த எடத்துல, எவ்வளவு ஆழத்துல புடிச்சது? சரியாச் சொன்னா விடுறேன். இல்லேன்னா கேஸ்தான்."

பஸ்ஸின் ஜன்னலில் அந்த அம்மாளின் முகம். நான் வாயைத் திறந்தால் மாலைக்குள் மேடு முழுக்கத் தெரிந்துவிடும். திறக்காவிட்டால் கூடையும் போகும், வேலையும் போகும். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அந்த அம்மாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். "ஏட்டய்யா, அது ஆழக்கடல்ல தூண்டிமுள்ளுல வர்றதுங்க. எங்க வீட்டுக்காரரும் ஒருதடவ தெரியாத்தனமா கொண்டாந்துட்டு ராவோட ராவா பொதச்சாரு. எந்த எடம்னு இன்னிவரைக்கும் கட்டுன பொண்டாட்டிகிட்டயே சொல்லல. இவருகிட்டயா சொல்லியிருப்பாங்க?"

ஏட்டு சிரித்துவிட்டார். கூடையை இரண்டு கையாலும் புட்டியில் வைத்துத் திருப்பித் தந்தார். பஸ் கிளம்பியதும் அந்த அம்மாள் தன் மீனுக்கு அடியிலிருந்து ஐஸை அள்ளிப் புட்டியை நிரப்பினார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

"எடம் உங்களுக்குத் தெரியும்ல?" என்றார் மெதுவாக.

நான் புட்டியின் மூடியைத் திருகி இறுக்கினேன்.

"அப்பிடியே இருங்க," என்றார்.

நாகூரில் ரயிலேறித் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் ஐஸ் மாற்றி, இரவு கரூர் சேர்ந்து ஆய்வகத்தைத் திறந்து ஸ்பிரிட்டில் போட்டேன். மறுநாள் மேஜைமேல் வைத்தேன். கீழே சீட்டு ஒட்டினேன்: பெயர், பிடித்த மாதம். 'கிடைத்த இடம்', 'ஆழம்' என்ற இரண்டு வரிகளையும் காலியாக விட்டேன். இடம் குறிக்காத மாதிரிப்பொருள் குப்பைக்குச் சமம் என்று வருடாவருடம் பாடம் நடத்துகிறவனே நான்தான்.

அந்த மாணவி குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு சீட்டைப் படித்தாள். "எடம் எழுதலியே சார். போன வருஷம் பாத்திருக்கேன்னு சொன்னீங்களே, அதே எடமா?"

"போன வருஷம் சொன்னது பொய்ம்மா," என்றேன். "இது எங்கே கிடைத்தது என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. புட்டியை ஜன்னல் பக்கம் திருப்பி, உள்ளேயிருந்த இரண்டு இறால்களையும் வெளிச்சத்தில் பார்க்கத் தொடங்கினாள்.