ஹெட்லைட்டுக்குள் பனி

போன வாரம் ஒரு நாள், விடிவதற்கு முன்பே ஒரு மேனேஜர் எங்கள் மத்திகிரித் தெருவுக்கு வந்து, ஒரு வேனில் ஏறி உட்கார்ந்தார். மேனேஜர் வந்ததே செய்தி. அவரை வரவழைத்த விதம் அதைவிடப் பெரிய செய்தி.

வேன் எங்கள் எதிர் வீட்டு சம்சாத் அக்காவுடையது. புது வண்டி, வாரண்டிகூட இன்னும் முடியவில்லை. அக்காவின் கணவர் காதர் பாய் ஓட்டுவார். அக்கா முன் சீட்டில் கூடவே போவார். உத்தனப்பள்ளிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து முதல் ஷிப்ட் பெண்களை ஏற்றிவந்து, ஓசூரில் கம்பெனி வாசலில் இறக்கிவிட வேண்டும். 'சம்சாத்தம்மா கூடவே வர்றாங்க' என்ற ஒரே தைரியத்தில்தான் பல அப்பாக்கள் பெண்களை வேலைக்கு அனுப்புகிறார்கள்.

மார்கழி பிறந்தது. ஓசூர்ப் பனியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ரோட்டில் இருப்பது போதாதென்று ஹெட்லைட்டுக்கு உள்ளேயும் பனி! கண்ணாடியின் உட்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாக நீர்த்துளி. லைட்டைப் போட்டால் வெளிச்சம் ரோட்டுக்கு வராது. கண்ணாடியிலேயே மஞ்சளாகத் தேங்கி நிற்கும்.

ஒரு நாள் வேன் நிறையப் பெண்கள். ரோட்டோரம் முட்டைகோஸ் மூட்டைகளோடு ஒரு டிராக்டர் நின்றிருக்கிறது. கிட்டே போகும்வரை காதர் பாய் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. அடித்த பிரேக்கில் வேன் எப்படியோ நின்றுவிட்டது. ஆனால் மஞ்சுளா என்ற பெண்ணின் நெற்றி முன் சீட்டுக் கம்பியில் இடித்து வீங்கிப்போனது.

அன்று சாயங்காலமே அவளுடைய அப்பா மாதப்பன் வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. "இனிமே எம் பொண்ணு வராதும்மா. வேல போனா போவுது" என்றார். அவ்வளவுதான். ஒரு அப்பா நிறுத்தினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

அக்கா வண்டியை ஷோரூமுக்குக் கொண்டுபோனார். இங்கேதான் வேடிக்கை. ஷோரூம் திறக்கும் நேரத்துக்கு வெயில் வந்துவிடுகிறது. வெயில் வந்தால் ஹெட்லைட் பளிச்!

"எங்கம்மா தண்ணி?" என்றார்கள். மறுநாள், "பைப் வெச்சு அடிச்சுக் கழுவியிருப்பீங்க. அதுக்கு வாரண்டி கெடையாது" என்றார்கள்.

மூன்றாவது முறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "நீ பேப்பர்ல எழுதறவன் தம்பி. ரெண்டு வார்த்த இங்கிலீஷ்ல பேசு." பேசினேன். கவுன்ட்டர் பையன் என்னைவிட நல்ல இங்கிலீஷில் 'முடியாது' என்றான். நான் கிளம்பலாம் என்று வாசலைப் பார்த்தேன்... அதற்குள் அக்கா மேனேஜர் அறைக்குள் நுழைந்துவிட்டார்.

மேனேஜர் சுப்பையா திருநெல்வேலிக்காரர். மேஜை நிறைய வேலையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"சார், நீங்க வண்டிய பாக்க வேணாம்" என்றார் அக்கா. "வண்டியில ஏறி வந்து ரோட்ட பாருங்க. நாங்க போற நேரத்துக்கு வாங்க. உங்களுக்கு ரோடு தெரிஞ்சுதுன்னா, நான் திரும்ப இந்தப் பக்கமே வரல."

சுப்பையா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. பேனாவை மூடி வைத்தார். "சரிம்மா... வாரேன்."

யார் நம்புவது? ஆனால் மனிதர் வந்தார் — மப்ளரும் ஸ்வெட்டருமாக. அவருக்கு முன் சீட்டைக் கொடுத்துவிட்டு அக்கா பின்னால் உட்கார்ந்தார். சாட்சிக்கு நானும் ஏறிக்கொண்டேன்.

ஊரைத் தாண்டியதும் பனி வேனைச் சூழ்ந்துகொண்டது. காதர் பாய் மாட்டுவண்டி வேகத்தில்தான் ஓட்டினார். அப்படியும் ஒரு வளைவில் திடீரென்று ஒரு சைக்கிள். "ஏ, பாத்து, பாத்து!" — கத்தியவர் மேனேஜர். தன் பக்கம் இல்லாத பிரேக்கை அவர் காலால் மிதித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

உத்தனப்பள்ளியில் இறங்கி, கைக்குட்டையால் ஹெட்லைட்டைத் துடைத்தார். துளி எதுவும் போகவில்லை. திரும்பவும் துடைத்தார். பிறகு கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "உள்ளதான் இருக்கு" என்றார், தனக்குத்தானே.

அத்தோடு விட்டாரா அக்கா? "ஒரு எட்டு மாதப்பன் வூட்டுக்கு வந்துட்டுப் போங்க சார்" என்றார்.

அங்கே நடந்ததைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்த மாதப்பனிடம் சுப்பையா சொன்னார்: "அய்யா, இவங்க ஓட்டுனதுல குறை ஒண்ணும் இல்ல. லைட்டு நாங்க குடுத்தது. தப்பு எங்க மேலதான். இன்னைக்கே மாத்திக் குடுத்துடுதேன்."

எத்தனையோ கம்பெனி ஆட்களோடு பழகியிருக்கிறேன். 'தப்பு எங்க மேலதான்' என்று ஒருவர் சொல்லிக் கேட்டது இதுவே முதல் தடவை. அதுவும் ஒரு விவசாயியின் வாசலில் நின்று!

மாதப்பன் உடனே உருகிவிடவில்லை. "மாத்துங்க. அப்புறம் பாக்கலாம்" என்றார். நியாயம்தானே?

ஷோரூமில் ஸ்பேர் ஸ்டாக் இல்லை. வரவழைக்க நாளாகும் என்றார்கள். விற்பனைக்கு நின்ற புது வேனிலிருந்து இரண்டு லைட்டையும் கழற்றி மாட்டச் சொன்னார் சுப்பையா. கவுன்ட்டர் பையன் தயங்கினான். "மாட்டுலே! கம்பெனிக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

இந்த வாரம் மஞ்சுளா வேனில் வருகிறாள். முதல் நாள் மாதப்பனும் கூட ஏறி, ஓசூர்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாராம். இறங்கும்போது காதர் பாயிடம் தலையை ஆட்டிவிட்டுப் போனாராம்.

நேற்று அக்காவிடம் கேட்டேன்: "அந்த மேனேஜர் வருவாருன்னு எப்படிக்கா அவ்ளோ நிச்சயமா இருந்தீங்க?"

"நிச்சயமா? எனக்கு எங்க தெரியும்?" என்றார் அக்கா. "வரலன்னா மறுநாளும் போய்க் கூப்ட்டிருப்பேன் தம்பி!"