ஜன்னலுக்கு வந்த மேஜை

ரத்னாவுக்குக் கழுத்து வலி வந்ததே புருஷனைப் பார்த்துப் பார்த்துத்தான். சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், நடந்தது அதுதான்.

புருஷன் கோதண்டம் பதினேழு வருஷம் கம்பெனி பஸ் ஓட்டியவர். ஒருநாள் காலையில் பல் துலக்கும்போது வாதம் அடித்து வலது பக்கம் மொத்தமாக விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போனது, ரத்னாவுக்கு மட்டும்தான் புரியும். பிள்ளை குட்டி இல்லை. படப்பையிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டோரம் ஒற்றை அறை வீடு, அதற்கு ஒற்றை ஜன்னல். ஜன்னலை ஒட்டி அவருடைய இரும்புக் கட்டில். படுத்தபடியே ரோட்டைப் பார்த்து, எந்தக் கம்பெனி பஸ், எந்த ஷிப்ட், எத்தனை நிமிஷம் லேட் என்று சொல்லிக்கொண்டிருப்பார். அந்த வீட்டில் கடிகாரத்துக்கு வேலையே கிடையாது.

கட்டிலுக்குக் கீழே, தரையில், ரத்னா ரப்பர் வாஷருக்குப் பிசிறு வெட்டுவாள். அச்சிலிருந்து வரும் வாஷரின் ஓரத்தில் மெல்லிசாக ரப்பர் ஒட்டியிருக்கும். அதைச் சின்னக் கத்தரியால் சுற்றி வெட்டி எடுக்க வேண்டும். கம்பெனியிலிருந்து இந்த வேலையை வாங்கித் தரும் டில்லிபாபு குட்டியானை வண்டியில் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மறுநாள் சாயங்காலம் வந்து எடுத்துப் போவான்.

நாலு பீஸ் வெட்டுவாள், தலையைத் தூக்கிக் கட்டிலைப் பார்ப்பாள். மறுபடி நாலு பீஸ், மறுபடி பார்ப்பாள். பார்க்காமல் இருக்க முடியாது. கோதண்டம் தலையணையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவார். சரிந்தால் எச்சில் புரையேறி மூச்சு முட்டும். தானாக நிமிர அவரால் ஆகாது. அக்குளில் கைகொடுத்து மேலே இழுத்துவிட வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை இந்தக் கூத்து. இப்படி இரண்டு வருஷம் குனிந்தும் நிமிர்ந்தும் கிடந்தால் கழுத்து என்ன இரும்பிலா செய்தது? வலி தோளுக்கு இறங்கி, விரல் மரத்து, கத்தரி கையிலிருந்து நழுவ ஆரம்பித்தது.

"இன்னாக்கா, பாதி மூட்டை அப்டியே கீது," என்றான் டில்லிபாபு. "கம்பெனில என்னப் புடிச்சுக் கேக்கறாங்க. முடியலன்னா சொல்லிரு, வேற வூட்டுக்குக் குடுத்துர்றேன்."

ரத்னாவுக்கு இந்த வேலை போனால் வெளி வேலைக்குத்தான் போக வேண்டும். எட்டு மணி நேரம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் சரிகிற மனுஷனை யார் தூக்குவது?

பக்கத்துப் போர்ஷன் ஷாரோனிடம் சொல்லி அழுதாள். ஷாரோன் போன் கம்பெனியில் லைன் லீடர். இருபத்தாறு வயசுதான், ஆனால் ஒரு பொருள் கோணலாக இருந்தால் அவளுக்குப் பொறுக்காது.

"தரைல குந்திக்கினு வேல செஞ்சா கழுத்து போவாம இன்னா ஆவும்? இரு, நான் பாக்கறேன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை லீவைக்கூடப் பாராமல் வேலை பார்த்தாள் அந்தப் பெண். காயலான் கடையிலிருந்து கம்பெனிப் பெட்டிப் பலகையில் அடித்த மேஜை ஒன்றை வாங்கி வந்தாள். ரத்னாவை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கை உயரம் அளந்து, மேஜைக்காலுக்குச் செங்கல் வைத்தாள். வெட்டாத பீஸ் இடப்பக்கம், வெட்டியது வலப்பக்கம்.

"நீ எதுக்குமே திரும்பக் கூடாதுக்கா. கழுத்து நேரா நிக்கணும். திரும்பறதெல்லாம் வேஸ்ட்டுன்னு எங்க ட்ரெயினிங்ல சொல்வாங்க. வெளிச்சம் மட்டும் நல்லா வோணும்."

வெளிச்சம் ஜன்னலில்தான் இருந்தது. ஜன்னலில் கட்டில் இருந்தது. இரண்டு பேரும் கட்டிலைப் பார்த்தார்கள். கோதண்டம்தான் வாயைக் கோணி ஏதோ சொன்னார்.

"ஜன்னல எடுத்துக்கச் சொல்றாரு," என்றாள் ரத்னா.

கட்டில் உள்சுவருக்குப் போனது. மேஜை ஜன்னலுக்கு வந்தது. ரத்னாவின் முதுகு இப்போது அவர் பக்கம். அவருடைய இடது கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்தாள்.

"எதுனா வோணும்னா கட்டில் கம்பில தட்டுங்க, வந்துர்றேன்."

நல்லதைச் சொல்லாமல் விடக்கூடாது. பத்தே நாளில் வலி போய்விட்டது. விரல் மரப்பு போய்விட்டது. டில்லிபாபு ஒரு மூட்டை கூடுதலாகவே இறக்கினான். மனசாரச் சிரித்து எத்தனை நாளாயிற்று, ரத்னா சிரித்தாள். முதலில் எல்லாம் பஸ் சத்தம் கேட்டால் டம்ளர் தட்டும், எந்த பஸ் என்று குழறுவார். "ரெண்டு மணி ஷிப்ட்டு போவுதுங்க," என்பாள் திரும்பாமல். பாதி நாள் ரோட்டைப் பார்க்காமலே சொன்னாள். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். அது அவளுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. பழகிவிட்டார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வேலைக்கு நடுவே எழுந்து போய் அவரைத் தூக்கிவிடுவதும் பத்துப் பதினைந்திலிருந்து நாலைந்தாகக் குறைந்தது.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை அவசர லோடு. சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று டில்லிபாபு தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். மதியக் கஞ்சி கொடுத்து, வாய் துடைத்து, நிமிர்த்திப் படுக்கவைத்துவிட்டு உட்கார்ந்தாள். கை ஓடியது. அப்படி ஓடும்போது நிறுத்த மனசு வராது. இரண்டரை மணி இருக்கும், பின்னால் டம்ளர் தரையில் விழுந்து உருண்டது.

கண் அசந்திருப்பார், கை தளர்ந்து விழுந்திருக்கும் என்று நினைத்தாள். தட்டில் பதினோரு பீஸ் மிச்சம் இருந்தது. முடித்துவிட்டு எடுக்கலாம் என்று முடித்தாள். முடித்து, கடைசி வாஷரைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

கோதண்டம் தலையணைக்குக் கீழே சரிந்து, முகவாய் நெஞ்சில் குத்திக் கிடந்தார். தூக்கி இழுத்தாள், முதுகில் தட்டினாள், பெயரைச் சொல்லிக் கத்தினாள். அதுவரை வாயால் ஒரு தடவைகூடச் சொல்லாத பெயர். மூச்சு வரவில்லை.

"இன்னும் சீக்குல கெடந்து சீரழியாம போய்ட்டாரு, புண்ணியவான்," என்றார்கள் வந்தவர்கள். ரத்னா தலையாட்டினாள். டம்ளரைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

காரியம் முடிந்து மூன்றாம் நாள் ஷாரோன் வந்து எட்டிப்பார்த்தாள். மேஜையின் மேல் துணிமூட்டை கிடந்தது. கட்டில் மறுபடி ஜன்னலோரம் வந்திருந்தது, வெறுங்கட்டில். அதற்குக் கீழே, தரையில், ரத்னா பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா இது, மறுபடியும் கழுத்து போய்ரும்."

"போவட்டும்."

"அக்கா..."

"டம்ளர் வுழுந்தது கேட்டுச்சு ஷாரோன். கேட்டும் திரும்பல. பதினோரு பீஸ முடிச்சிட்டுத்தான் திரும்புனேன்."

ஷாரோன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரத்னா நாலு பீஸ் வெட்டினாள். தலையைத் தூக்கிக் கட்டிலைப் பார்த்தாள். மறுபடி குனிந்து நாலு பீஸ் வெட்டினாள்.