ஒருத்தரையும் விடமாட்டேன்

எங்கள் பக்கம் அறுப்புக் காலத்தில் வயலைச் சொல்ல ஆளையே சொல்லுவோம். "உங்களை நாளைக்கு அறுத்துடுறேன், உங்க அண்ணனை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மிஷின்காரர் சொன்னால், "முதல்ல அண்ணனை அறுங்க, அவருக்குத்தான் நெல்லு கொட்டுது" என்போம். யாருக்கும் சிரிப்புகூட வராது.

எங்கள் ஊருக்கு அறுவடை மிஷின் கொண்டுவருபவர் கூத்தாநல்லூர் பாய். வளைகுடாவில் உழைத்துவிட்டு வந்து மிஷின் வாங்கியவர். இந்தத் தை மாதம் எங்கள் அறுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் எனக்கு ஒரு குரல் பதிவு போட்டிருந்தார்: "அக்கா, உங்க தெரு நெல்லெல்லாம் பழுத்துருச்சு, பார்த்தேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிச்சுட்டு வந்துடுறேன். உங்க தெருவுல ஆரம்பிச்சு ஒருத்தரையும் விடமாட்டேன், அத்தனை பேரையும் அறுத்துடுறேன். டிராக்டரை மட்டும் ரெடியா வச்சிருங்க."

மறுநாளே அந்தக் குரல் சென்னையிலிருந்து என் போனுக்கு வந்தது. அனுப்பியவன் என் சித்தி மகன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. முன்னால் நெல்லும் இல்லை, பின்னால் டிராக்டரும் இல்லை, நடுத்துண்டு மட்டும். மேலே ஒரு வாள் படம், "டெல்டா மக்களே உஷார்!" கீழே பாயின் போன் நம்பர்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சொல்லிச் சிரிக்கலாம் என்று பாய்க்குப் போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். அவர் டிரைவரைப் பிடித்தேன்.

"யார் யாரோ கூப்பிட்டுத் திட்டுறாங்கக்கா. வீட்டுப் பொம்பளைங்களைப் பத்தி அசிங்கமாப் பேசுறாங்க. வழியில மறிப்போம்ங்கிறாங்க. முதலாளி இனிமே உங்க பக்கமே வரலைங்கிறாரு."

ஆத்திரம் பொங்கிவிட்டது. ஊருக்குள் நுழைய முடியாத மிஷினை வைத்துக்கொண்டு அந்த மனிதர் எப்படிப் பிழைப்பார்? உடனே சென்னைத் தம்பியைக் கூப்பிட்டேன்.

"ஏண்டா, அறுப்புன்னா என்னான்னு மறந்துபோச்சா?"

"எல்லாரும் அனுப்புனாங்கக்கா. ஒரு எச்சரிக்கைக்குத்தான்..."

"உன் அப்பனையும் சேர்த்துத்தாண்டா அறுக்கிறேன்னாரு! சித்தப்பா வயல் என் வயலுக்கு அடுத்த வயல்தானே?"

நான் அவனை விடவில்லை. அந்த வெட்டுத் துண்டைப் போட்ட இடத்திலெல்லாம் முழுப் பதிவையும் போட வைத்தேன். நானும் வயலில் நின்று, முகத்தைக் காட்டி, "அறுக்கச் சொன்னது நான்தான், இதோ நெல்லு" என்று வீடியோ போட்டேன். தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன் என்பார்கள். இப்போது போன் எடுத்தவன் எல்லாம். பாயிடம் எவ்வளவு வாங்கினாய் என்றார்கள். சாதியைச் சொல்லித் திட்டினார்கள். நான் கூலிக்குக் கதிர் அறுத்த வீட்டுப் பெண். இன்று நிலம் என் பெயரில் இருக்கிறது. இதைவிட மோசமான பேச்சையெல்லாம் என் அம்மா வரப்பில் நின்று நேருக்கு நேர் கேட்டவள். முகமில்லாதவனுக்கா நான் பயப்படுவேன்?

அன்று சாயங்காலம் குரூப்பில் ஒரு கிழவர் ஆரம்பித்துவைத்தார்: "பாய், முதல்ல என்னை அறுங்க." பிறகு தெருவே வரிசையாகக் குரல் போட்டது. பாயின் போன் திரும்ப உயிர் பெற்றது. பதிவை வெட்டியவன் யாரென்று மட்டும் தெரியவில்லை. அந்தக் குரூப்பில்தான் இருக்கிறான். அவனும் "என்னை அறுங்க" என்று சொல்லியிருப்பான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மிஷின் ஏற்றிய லாரி வந்தது. ஜெயித்துவிட்டேன் என்ற மிதப்பில் எதிரே போனேன். லாரியின் முன்சீட்டிலிருந்து பாயின் மனைவி இறங்கினார். அவர் ஒருநாளும் வயலுக்கு வந்ததில்லை. வரப்பில் உட்கார்ந்தார், பார்வை மட்டும் ரோட்டிலேயே இருந்தது.

"அறுப்பு பார்க்க வந்தீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. அவரு வேணாம்னுதான் சொன்னாரு. வழியில எவனாவது மறிச்சா, பொம்பளை இருக்கிறதைப் பார்த்தாவது விட்டுடுவாங்கல்ல?"

நானும் ரோட்டைப் பார்த்தேன். அறுப்பு முடிந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊருக்கு லாரி கிளம்பியபோது நானும் முன்னால் ஏறினேன்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றேன். "ரெண்டு பொம்பளையா இருப்போம்."